தாயின் நோய் சேயைத் தொடராமல் தடுக்கலாமா?

மாணவர்களே! நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. பெரும்பாலான வகைச் செல்களில் உட்கரு ஒன்று உண்டு. அதற்கு வெளியே மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணுறுப்புகள் உள்ளன. உணவிலிருந்து செல்லுக்கு வேண்டிய ஆற்றலை உண்டாக்கித் தருபவை இவையே.

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் ஒரு நெல்வயலை எண்ணிப் பாருங்கள். விளைவது பொன்னியா, சீரகச் சம்பாவா என்பதை முடிவு செய்வது விதை. நீர் இறைப்பது பம்புசெட். பம்பு பழுதானால் நல்ல பயிரும் வாடும். வேறு பம்பு வைத்தால் பயிர் பிழைக்கும். ஆனால் பொன்னி சம்பாவாகிவிடாது. உட்கரு விதையைப் போன்றது. மைட்டோகாண்டிரியா பம்பைப் போன்றது.

உட்கருவில் சுமார் 20,000 ஜீன்கள் உள்ளன. மைட்டோகாண்டிரியாவுக்கும் சொந்தமாக 37 ஜீன்கள் உண்டு. இந்த 37-ம் தாயிடமிருந்தே குழந்தைக்கு வருகின்றன. இவற்றில் பழுதிருந்தால் மூளை, இதயம், தசை, கண் ஆகியவை பாதிக்கப்படலாம். சில குழந்தைகள் சிறுவயதிலேயே இறந்துவிடுகின்றன. இதற்காகத் தாயைப் பழிப்பது அறியாமை. தம் ஜீன்களைத் தேர்ந்தெடுத்துப் பெற்றவர் எவருமில்லை.

தடுக்க வழி உண்டா? உடலுக்கு வெளியே முட்டையைக் கருவுறச் செய்யும் முறையை நாம் அறிவோம். தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியால் பிறந்தது. புதிய முறை அதற்கும் ஒரு படி மேலே செல்கிறது. தாயின் முட்டையும், நோயற்ற வேறொரு பெண் தந்த முட்டையும் தந்தையின் விந்தணுவால் கருவுறச் செய்யப்படுகின்றன. பிறகு இரண்டிலிருந்தும் உட்கருப் பொருளை எடுத்துவிடுகிறார்கள். பெற்றோரின் உட்கருப் பொருளை மட்டும், கொடையாளியின் முட்டையில் வைக்கிறார்கள். அக்கரு தாயின் கருப்பையில் வளர்கிறது. குழந்தையின் நிறமும் சாயலும் பெற்றோருடையவையே.

பிரிட்டன் 2015-இல் இதைச் சட்டப்படி அனுமதித்தது. நியூகாசில் நகரில் இம்முறையால் 7 பெண்களுக்கு 8 குழந்தைகள் பிறந்த செய்தி 2025 ஜூலையில் வெளியாயிற்று. அவர்களுள் ஐவரிடம் பழுதான மைட்டோகாண்டிரியா தென்படவில்லை. மூவரிடம் சிறிதளவு இருந்தது. உட்கருவை எடுக்கும்போது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆகவே இக்குழந்தைகளைப் பல ஆண்டுகள் கவனித்து வரவேண்டும். உட்கரு ஜீன்களின் பழுதால் வரும் மைட்டோகாண்டிரிய நோய்களுக்கு இம்முறை உதவாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிந்தியுங்கள்: மைட்டோகாண்டிரிய ஜீன் பழுதுள்ள அண்ணனுக்கும் தங்கைக்கும் திருமணமாகிக் குழந்தைகள் பிறந்தால், யாருடைய குழந்தைகளுக்கு அந்நோய் வரக்கூடும்? ஏன்?