மார்பக அறுவைக்குப் போகும் தாய்க்கு



மார்பில் புற்று என்று சொல்லி, அறுவைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். மனம் பதறத்தான் செய்யும். "கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது தவறு. நாளைத் தள்ளிப்போடுவதுதான் நோய் பரவ இடம் கொடுக்கும். இது ஒட்டுவாரொட்டியும் அல்ல. பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சலாம்.

எல்லோருக்கும் மார்பு முழுவதையும் எடுப்பதில்லை. கட்டி சிறிதானால் அதை மட்டும் எடுத்து, பிறகு கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. உங்களுக்கு எது என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அறுவைக்கு முன்

1. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை, நாட்டு மருந்து, எது சாப்பிட்டாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2. புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். புண் ஆறுவதை அது கெடுக்கும்.

3. சொன்ன நேரத்துக்குப் பின் சோறு, பால், காப்பி கூடாது. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடலாம்.

4. வளையல், மூக்குத்தி, மெட்டியை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். தாலி பற்றி மனம் கலங்கினால் நர்ஸ் அம்மாவிடம் முன்கூட்டியே பேசுங்கள். முன்பக்கம் கொக்கி வைத்த தளர்ந்த ரவிக்கை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

5. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மறவாதீர்கள். இந்தச் சிகிச்சைக்கு அதில் உதவி உண்டு.

அறுவைக்குப் பின்

அக்குள் பக்கம் ஒரு குழாயும் அதில் சிறு புட்டியும் இருக்கும். உள்ளே ஊறும் நீர் வடியத்தான் அது. தினமும் எத்தனை மில்லி என்று குறித்து வையுங்கள். நீர் குறைந்த பிறகே குழாயை எடுப்பார்கள்.

அடுத்தது கை. நான் பார்த்த ஒரு அம்மா, "தையல் பிரிஞ்சிடுமோ" என்று பயந்து, கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தார். தோள் இறுகிவிட்டது. கதிர்வீச்சுக்குப் படுக்கவைத்தபோது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. பல நாள் பயிற்சிக்குப் பிறகே சிகிச்சையைத் தொடங்க முடிந்தது. அந்த நாட்கள் வீண்தானே?

ஆகவே டாக்டர் அனுமதித்தவுடன், விரல்களை மூடித் திறவுங்கள், முழங்கையை மடக்கி நீட்டுங்கள், தலை வாருங்கள். குழாய் எடுத்த பிறகு சுவரில் விரல்களை ஏணிபோல் ஏற்றுங்கள். நேற்றைவிட இன்று ஒரு விரல் உயரம் போதும். டாக்டர் சொல்லும்வரை குடம் தூக்குவதும் கிணற்றில் நீர் இறைப்பதும் வேண்டாம்.

காய்ச்சல், புண்ணில் சிவப்பு, சீழ், கை வீக்கம் கண்டால் மறுநாள் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எடுத்த கட்டியைச் சோதித்த பிறகே மேற்கொண்டு மருந்தா, கதிர்வீச்சா என்று சொல்வார்கள். "அதான் எடுத்தாச்சே" என்று நடுவில் நின்றுவிடாதீர்கள்.

வீட்டாருக்கு ஒரு சொல்: அடுப்படி வேலையைச் சில வாரம் நீங்கள் பாருங்கள். அவர் அழுதால் அழ விடுங்கள், பக்கத்தில் இருங்கள்.

காலத்தில் அறுவை, கடைசிவரை சிகிச்சை, தினமும் கைப்பயிற்சி!