காது கொடுத்துக் கேட்பதும் கித்மத்தே



திருக்குர்ஆனின் 58ஆம் அத்தியாயத்தின் பெயர் அல்முஜாதிலா. 'தர்க்கம் செய்யும் பெண்' என்பது பொருள். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களின் கணவர் கோபத்தில் அவரைத் தம் தாய்க்கு ஒப்பாக்கிச் சொல்லிவிட்டார். 'ளிஹார்' எனப்படும் இச்சொல் அறியாமைக் காலத்தில் மணவிலக்காகவே கருதப்பட்டது. அந்த அம்மையார் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அதே வீட்டில் இருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அப்பேச்சில் சில சொற்கள் கேட்கவில்லை. அல்லாஹ் கேட்டான். அந்த வழக்கத்தைக் கண்டித்து, அப்படிச் சொன்னவருக்குப் பரிகாரமும் விதித்தான்.

ஒரு வீட்டுப் பெண்ணின் குறை அல்லாஹ்விடம் இவ்வளவு மதிப்புப் பெற்றது. இந்தப் பாடத்தை நாங்கள் ஓதியிருந்தோம். ஆனால் அதைப் புரிந்துகொண்டது பங்களாதேஷில்தான்.

2017 ஆகஸ்டிலிருந்து மியான்மரின் ராக்கைன் மாநிலத்தைவிட்டு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் காக்ஸ் பஜார் மாவட்டத்தில் தஞ்சம் புகுந்தார்கள். மூங்கிலும் தார்ப்பாயும்தான் அவர்களுக்கு வீடு. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களும் சிறுவர்களுமே. நம் டிரஸ்ட்டின் சிறு குழு, உள்ளூர்த் தொண்டர்களுடன் சேர்ந்து அங்கே பொருள் வழங்கச் சென்றது.

முதல் நாளே தவறு செய்தோம். கைக்குழந்தையுடன் வரிசையில் நின்ற ஒரு தாயிடம், "கணவர் எங்கே? என்ன நடந்தது?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டோம். ஒருவர் செல்போனில் படம் எடுக்கவும் முனைந்தார். அந்தத் தாய் முகத்தை மூடிக்கொண்டு, பொருளை வாங்காமலேயே போய்விட்டார். மொழிபெயர்த்த சிட்டகாங் சகோதரி எங்களிடம் சொன்னார்: "வருகிறவர்கள் எல்லோரும் இதையே கேட்கிறார்கள். எழுதிக்கொண்டு போகிறார்கள்."

முகாம்களில் பெண்களுக்கென்று தனி இல்லங்கள் உண்டு. 'சாந்தி கானா' என்பார்கள். மறுநாள் நம் குழுவின் இரு சகோதரிகள் செல்போன் இல்லாமல் அங்கே போனார்கள். ஆண்கள் வெளியே நின்றுகொண்டோம். சகோதரிகள் எதுவும் கேட்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த பெண்களோடு பாயில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தார்கள். சற்று நேரத்தில் அதே தாய் வந்து அருகில் அமர்ந்தார். அவர் பேசியது ஓடிவந்த கதையை அல்ல. பால் குறைந்துவிட்டதையும், பிள்ளை இரவெல்லாம் அழுவதையும், மாமியார் தன்னையே குறை சொல்வதையும் பேசினார். எங்கள் பொருள் பட்டியலில் இதற்கு மருந்து இல்லை. உள்ளூர்ச் சகோதரி அவரைத் தாய்ப்பால் ஆலோசனை தரும் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். அந்தத் தாயின் சம்மதத்துடன்தான், அவர் யார் என்று தெரியாத அளவில், இதை எழுதுகிறோம்.

உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார்த்தல், கேட்டல், உரிய உதவியோடு இணைத்தல். நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக்கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. அதையும் எங்கள் அனுபவத்தையும் வைத்து, இனிச் செல்லும் குழுக்களுக்கு இவற்றை விதியாக்கியுள்ளோம்:

1. பெண்களிடம் பெண்களே பேச வேண்டும். மொழிபெயர்ப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும்.

2. அவர் சொல்வதையே கேட்க வேண்டும். துருவிக் கேட்கக்கூடாது. அவர் மௌனமாக இருந்தால் நாமும் மௌனமாக இருக்கலாம்.

3. அழுபவரிடம் உடனே "ஸபுர் செய்யுங்கள்" என்று சொல்லி வாயை அடைக்கக்கூடாது. அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டான யஃகூப் (அலை) அவர்களும் மகனை நினைத்து அழுதார்கள். அவர்களின் கண்களே வெளுத்துப்போயின.

4. நம்மால் முடியாததை வாக்களிக்கக்கூடாது. எங்கே உதவி கிடைக்கும் என்பதை முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

5. கேட்டது அமானிதம். படமும் கூடாது, ஊர்ப் பேச்சும் கூடாது. ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்ன செய்தியே அமானிதம் என்பது நபிமொழியின் கருத்து.

தர்மம் கொடுத்துவிட்டு மனத்தை நோகச் செய்தால் அந்தத் தர்மம் வீணாகும் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. முதல் நாள் நாங்கள் அந்த எல்லைக்கு மிக அருகில் போய்விட்டோம். அல்லாஹ் மன்னிப்பானாக.

இதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகிறோம். குழந்தையின் கையில் பணம் வைக்கிறோம், யார் ஜாடை என்று பேசுகிறோம், திரும்பிவிடுகிறோம். பெற்றவள் தூங்கினாளா என்று எத்தனை பேர் கேட்கிறோம்? கணவர் வளைகுடாவில் இருக்க, தனியே பிள்ளைகளை வளர்க்கும் சகோதரி நம் தெருவிலேயே இருக்கலாம்.

இந்த வாரம் ஒவ்வொரு குடும்பத்திலும் உம்மா, மனைவி, மகள், மருமகள் ஆகியோரில் ஒருவர் பேசி முடிக்கும்வரை, இடையில் பேசாமலும் செல்போனைத் தொடாமலும் கேட்டுப் பாருங்கள். கேட்டதை ஐந்தாம் விதிப்படி காத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் செவியேற்பவனாகிய அல்லாஹ், பிறர் துயரைக் கேட்கும் செவியையும் அதைக் காக்கும் நாவையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.