300 குதிரைகள் எங்கே போயின?

கேள்வி: மிச்சிகன் மாநிலம் ட்ராய் நகரில் வசிக்கிறேன். நெடுநாள் ஆசை தீர, இரண்டு வருஷத்துக்கு முன் 1970 ஷெவர்லே ஷெவெல் ஒன்று வாங்கினேன். 350 கன அங்குல வி8 இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். 300 குதிரைத்திறன் என்று பழைய விளம்பரத்தாளில் இருக்கிறது. ஆனால் இழுவையே இல்லை. சிக்னலில் மிதித்தால் ஒரு நொடி மூச்சடைத்து நின்று, பிறகுதான் கிளம்புகிறது. மேடு ஏறும்போது இன்ஜின் தட்டுகிறது. அளவு பெரிதானால் சரியாகும் என்று 750 சிஎஃப்எம் ஹாலி டபுள் பம்பர் கார்புரேட்டரை ஒரு அடாப்டர் தகடு வைத்துப் பொருத்தினேன். திணறல் கூடியது, ஐட்லிங்கில் பெட்ரோல் வாடை கண்ணை எரிக்கிறது. காரோடு வந்த குவாட்ராஜெட் கார்புரேட்டர் பெட்டியில் கிடக்கிறது. போன வாரம் நாலு சிலிண்டர் குடும்பக் கார் ஒன்று எங்களைச் சாதாரணமாக முந்திப் போனது. பக்கத்தில் இருந்த என் மகள், "அப்பா, நம்ம காருக்குச் சத்தம் மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டாள். பெரிய கேம்ஷாஃப்ட் போடச் சொல்கிறார்கள் நண்பர்கள். போடலாமா?

வாசகர், ட்ராய், மிச்சிகன்

பதில்: தம்பி, கேம்ஷாஃப்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் நிறுத்திவையுங்கள். திணறல், வாடை, தட்டல் என்று நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும், நல்ல இன்ஜின் ஒன்று தவறான டைமிங்கிலும் பொருந்தாத கார்புரேட்டரிலும் ஓடுவதைத்தான் காட்டுகின்றன. இந்த நிலையில் பெரிய கேம் போட்டால் மிச்சமிருக்கும் இழுவையும் போய்விடும். தொலைத்ததை முதலில் மீட்போம். புதிதாகச் சேர்ப்பதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் அந்த 300. அது பொய்யில்லை, ஆனால் அளந்த விதம் வேறு. அந்தக் காலத்தில் இன்ஜினைத் தனியாகச் சோதனை மேடையில் ஏற்றி, ஏர் கிளீனர், ஃபேன், ஆல்டர்னேட்டர், கார் சைலன்ஸர் எதுவும் இல்லாமல், டைமிங்கை உச்சத்துக்குத் திருத்திவைத்து அளப்பார்கள். இதற்கு கிராஸ் திறன் என்று பெயர். 1972 மாடலிலிருந்து, காரில் உள்ள எல்லாவற்றையும் பூட்டி அளக்கும் நெட் திறனுக்கு அமெரிக்கக் கம்பெனிகள் மாறின. இடையில் 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு எண்களையும் வெளியிட்டது. அதே 350 கன அங்குலக் குடும்பத்தைச் சேர்ந்த கார்வெட் எல்டி-1 இன்ஜினுக்கு அந்த ஆண்டு கிராஸ் 330, நெட் 275. ஒரே இன்ஜின், ஒரே ஆண்டு. அளவுகோல் மாறியதில் மட்டும் 55 குதிரைகள் மறைந்தன.

உங்கள் காரின் உண்மைத் திறனை நீங்களே கணக்கிடலாம். டிராக் ஸ்ட்ரிப்பில் கால் மைல், அதாவது 1,320 அடி ஓட்டுங்கள். எல்லைக் கோட்டைத் தாண்டும்போது மணிக்கு எத்தனை மைல் வேகம் என்று சீட்டில் அச்சடித்துத் தருவார்கள். அதை 234-ஆல் வகுத்து, வந்ததை மூன்றாம் படிக்கு உயர்த்தி, காரும் நீங்களும் சேர்ந்த எடையால் (பவுண்டில்) பெருக்குங்கள். 3,800 பவுண்டு எடையோடு 90 மைல் வேகம் வந்தால் சுமார் 216 குதிரைத்திறன். நல்ல டியூனிங்கில் இருக்கும் உங்கள் மாதிரி இன்ஜினுக்கு இது நியாயமான எண். இப்போது போய் ஓட்டினால் இதைவிடக் குறைவாகத்தான் வரும். அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இனி செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் அதுதான் சாட்சி.

நீங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1964-ல் பான்டியாக் கம்பெனி, ஜான் டிலோரியன் தலைமைப் பொறியாளராக இருந்தபோது, டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற நடுத்தரக் காரில் 389 கன அங்குல இன்ஜினை வைத்து ஜிடிஓ என்று விற்றது. மசில் கார் அலை அதிலிருந்துதான் எழுந்தது. உட்வர்ட் அவென்யூவை ஒட்டிய ராயல் ஓக் ஊரில் ராயல் பான்டியாக் என்று ஒரு டீலர் நிறுவனம் இருந்தது. அவர்கள் செய்துகொடுத்த 'பாப்கேட்' டியூனிங் நாடு முழுக்கப் பேசப்பட்டது. அதில் என்ன இருந்தது தெரியுமா? கம்ப்ரஷனைச் சற்றே கூட்ட மெல்லிய ஹெட் கேஸ்கெட். கார்புரேட்டருக்கு வேறு ஜெட்டுகள். கார்புரேட்டர் அடியில் சூடான புகை வராமல் அடைக்கும் கேஸ்கெட். வால்வு லிஃப்டர்கள் அதிக ரெவ்வில் உப்பிவிடாமல் பிடிக்கும் நட்டுகள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் புதிய அட்வான்ஸ் கணக்கு. பெரிய கேம்ஷாஃப்ட் அந்தப் பட்டியலில் இல்லை. கம்பெனி கொடுத்த இன்ஜின் தன் முழு பலத்தையும் தரவிடாமல் தடுத்த சின்னச் சின்ன முட்டுக்கட்டைகளை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அவ்வளவுதான். நீங்களும் அந்த வழியில் போங்கள்.

முதல் வேலை, இன்ஜினின் உடல்நிலை. எட்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. வேக்கம் கேஜ் ஒன்று வாங்கி இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டுங்கள். ஒரிஜினல் கேம் உள்ள இன்ஜின் ஐட்லிங்கில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும், முள் ஆடாமல் நிற்க வேண்டும். உங்களுடையதில் எண் குறைந்திருந்தால் முதலில் அந்த அடாப்டர் தகட்டைச் சந்தேகப்படுங்கள். அதன் ஓரத்தில் காற்று கசிவது அடிக்கடி நடக்கும். கசியும் காற்று கலவையை மெலியவைக்கும். மெலிந்த கலவை சுமை ஏறும்போது தட்டும்.

இரண்டாவது வேலை டைமிங். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துவேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஒரேயடியாக வெடிப்பதில்லை. எரிந்து பரவ நேரம் எடுக்கிறது. பன்னிரண்டு மணிக்குப் பந்தி என்றால் பத்தரைக்கே அடுப்பு மூட்டுகிறோம் இல்லையா, அதுபோல பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பிளக் பொறி விட வேண்டும். 750 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 80 மில்லி செகண்ட் ஆகிறது. 3,000 ஆர்பிஎம்மில் 20-தான். பந்திக்கு நேரம் நெருங்க நெருங்க அடுப்பை முன்னதாகவே மூட்டியாக வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பிரிங்கோடு விரியும் இரண்டு எடைகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. பாதி மிதியில் சிலிண்டருக்குள் கலவை நெருக்கமில்லாமல் இருப்பதால் இன்னும் மெதுவாக எரியும். அதற்காக வேக்கம் அட்வான்ஸ் தனியே இருக்கிறது.

1970-ல் ஜெனரல் மோட்டார்ஸ், புகையைக் குறைப்பதற்காக, மேல் கியருக்குப் போகும்வரை வேக்கம் அட்வான்ஸ் கிடைக்காதபடி ஒரு வால்வு வைத்தது. ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வால்வு செத்து, ஹோஸ் வெடித்து, வேக்கம் அட்வான்ஸே வேலை செய்யாத கார்கள் நிறைய. உங்கள் ஹோஸை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் தகடு நகரவில்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கலாம்.

டைமிங் லைட்டை எடுப்பதற்கு முன் ஒன்று செய்தாக வேண்டும். முன்பு ஒரு கமாரோவில் நான் ஒரு சனிக்கிழமை முழுக்கத் தோற்றேன். லைட்டில் அடையாளம் சரியாக 10 டிகிரியில் நிற்கிறது. ரோட்டில் போனால் கண்ணாடிப் புட்டியில் கோலிக்குண்டு போட்டு உலுக்கியது போலத் தட்டுகிறது. ஜெட் மாற்றினேன், பிளக் மாற்றினேன், பெட்ரோல் மாற்றினேன். மாலையில்தான் புத்தி வந்தது. இன்ஜின் முன்னால் உள்ள டேம்பர் இரண்டு துண்டு, நடுவில் ரப்பர். ரப்பர் கிழடாகி, அடையாளக் கோடு உள்ள வெளி வளையம் நழுவியிருந்தது. 6.75 அங்குல டேம்பரில் அரை அங்குலம் நழுவினாலே 8 டிகிரிக்கு மேல் பொய். லைட் சொன்னதை நம்பினேன். கோடு தப்பான இடத்தில் இருந்தது.

ஆகவே பேட்டரி வயரைக் கழற்றி, எல்லா பிளக்கையும் எடுத்துவிட்டு, டிரைவர் பக்கம் முன்னால் உள்ள முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிஸ்டன் தட்டி நிற்கும் இடத்தில் டேம்பரில் ஒரு கோடு போடுங்கள். எதிர்ப்பக்கம் சுற்றி மறுபடி நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவில்தான் உண்மையான உச்சி. பழைய கோடு அங்கே இல்லை என்றால் டேம்பரை மாற்றிவிடுங்கள்.

பாயிண்ட் இன்னும் இருந்தால் ட்வெல் 30 டிகிரி வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் உள்ள சின்ன ஜன்னலைத் தூக்கி, ஓடும்போதே அறுகோணச் சாவியால் திருத்தலாம். பிறகு வேக்கம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் வையுங்கள். ஐட்லிங்கில் 10 முதல் 12 டிகிரி. 3,000 ஆர்பிஎம்முக்குள் மொத்தம் 34 முதல் 36 வர வேண்டும். உங்கள் இன்ஜினில் கம்ப்ரஷன் 10.25-க்கு 1 என்பதால் 32-ல் ஆரம்பித்து, தட்டாத வரை இரண்டிரண்டாக ஏற்றுங்கள். மொத்தம் மெதுவாக வந்து சேர்ந்தால் எடைகளின் ஸ்பிரிங்கை இளகியதாக மாற்றுங்கள். கடைசியாக வேக்கம் ஹோஸை மாட்டுங்கள். சீரான ஓட்டத்தில் இன்னும் 10 முதல் 16 டிகிரி கூடும். கார் இளகி ஓடுவதை அன்றே உணர்வீர்கள்.

பெட்ரோல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த இன்ஜின் ஈயம் கலந்த உயர் ஆக்டேன் பெட்ரோலுக்குச் செய்தது. அமெரிக்காவில் சாலைக் கார்களுக்கு ஈயப் பெட்ரோல் 1996 ஜனவரி 1 முதல் முழுக்கத் தடை. பம்பில் கிடைப்பதிலேயே உயர்ந்ததைப் போடுங்கள். ஈயம் வால்வு சீட்டுகளையும் தேயாமல் காத்தது. சாதாரண ஓட்டத்தில் பயப்பட வேண்டாம். என்றாவது ஹெட்டைக் கழற்றினால் அன்று கடின சீட்டு போட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் கார்புரேட்டர். கணக்கைப் பாருங்கள். 350 கன அங்குலத்தை 5,500 ஆர்பிஎம்மால் பெருக்கி 3,456-ஆல் வகுத்தால் 557. எந்தச் சாலை இன்ஜினும் அதை முழுக்க உள்ளிழுக்காது. 85 சதவீதம் என்றால் 473 சிஎஃப்எம். அவ்வளவு காற்று போதும். டபுள் பம்பரில் நீங்கள் மிதித்தவுடன் நாலு வாயும் கூடவே திறக்கும். அவ்வளவு அகலத்தில் காற்றின் வேகம் விழுந்து, ஜெட்டிலிருந்து பெட்ரோலை இழுக்க முடியாமல் இன்ஜின் திணறுகிறது. அது ரேஸ் இன்ஜினுக்கு உரிய நல்ல சாமான். உங்கள் காருக்கு உரியது பெட்டியில் கிடக்கிறது.

குவாட்ராஜெட்டும் 750 அளவுதானே என்று கேட்பீர்கள். வித்தியாசம் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. முன் இரண்டு வாய்கள் சின்னவை. அன்றாட ஓட்டம் அவற்றிலேயே நடக்கும், காற்று வேகமாகப் பாயும். பின் இரண்டு பெரிய வாய்களின் மேல் ஸ்பிரிங் வைத்த தகடு இருக்கிறது. இன்ஜின் எவ்வளவு காற்று கேட்கிறதோ அவ்வளவுதான் அது திறக்கும். கேட்பவர் பசிக்கேற்பப் பரிமாறும் கை அது.

அதைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். அடியில் உள்ள கிணறுகளின் அடைப்புகள் கசிகின்றனவா என்று பார்த்து எபாக்ஸி பூசுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல், கார்புரேட்டருக்குள் இருக்கும் பம்ப்பின் ரப்பரைக் கெடுக்கும், புதிது போடுங்கள். பொருத்தியபின் இன்ஜினை நிறுத்தி, மேலிருந்து பார்த்தபடி லீவரை அசையுங்கள். அசைத்த அதே கணத்தில் இரண்டு தாரை பெட்ரோல் பாய வேண்டும். தாமதித்தால் சிக்னலில் அந்த ஒரு நொடி திணறல் போகாது. ஐட்லிங் ஸ்குரூக்களை வேக்கம் கேஜ் அதிகபட்சம் காட்டும்வரை திருகுங்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு என்றால் சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் போதவில்லை.

இவ்வளவும் முடிந்து இன்னும் பாய்ச்சல் வேண்டுமென்றால், அடுத்த பணத்தைப் பின் ஆக்சிலுக்குக் கொடுங்கள். 3.08 ரேஷியோ இருந்தால் 3.55-க்கு மாறினால் சக்கரத்தில் சேரும் இழுவை எல்லா வேகத்திலும் 15 சதவீதம் கூடும். விலையும் உண்டு. 26 அங்குல டயரில் 70 மைல் வேகத்தில் 2,790 சுற்றிய இன்ஜின் 3,210 சுற்றும். அதற்கு முன்பே, நாலு சக்கரமும் டிரம் பிரேக்காக இருந்தால் முன்னால் டிஸ்க் போட்டு, நல்ல ரேடியல் டயர் மாட்டிவிடுங்கள். நிற்கத் தெரியாத காருக்கு வேகம் கூட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

கேம்ஷாஃப்ட் கடைசி. அந்தக் குமுறும் ஐட்லிங் சத்தத்தின் மேல் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பெரிய கேம் வால்வுகளை அதிக நேரம் சேர்ந்து திறந்துவைக்கும். வேக்கம் விழும், பவர் பிரேக் கனக்கும், சிக்னலில் வேண்டிய கீழ் ரெவ் இழுவை குறையும். ஒரிஜினல் கேமைக் காப்பாற்ற, துத்தநாகம் அதிகமுள்ள, பழைய இன்ஜின்களுக்கான ஆயில் ஊற்றுங்கள். கழற்றும் எந்த ஒரிஜினல் பாகத்தையும் தூக்கிப் போடாதீர்கள். குவாட்ராஜெட்டை வைத்திருந்த உங்கள் பழக்கம்தான் இன்று உங்களுக்குக் கைகொடுக்கிறது.

டைமிங் வைக்கும் அன்று தனியாகச் செய்ய வேண்டாம், மகளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். முடியை இறுக்கக் கட்டி, தொங்கும் துணி எதுவும் இல்லாமல், ஃபேனை விட்டுத் தள்ளிப் பக்கவாட்டில் நின்று லைட்டை அவள் பிடிக்கட்டும். நீங்கள் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். சுற்றும் டேம்பரில் அந்த வெள்ளைக் கோடு அசையாமல் வந்து நிற்கும்; அதே நேரம் இன்ஜினின் சத்தம் இறுக்கம் விட்டுச் சீராகும். சத்தம் எதற்காக என்று அப்போது அவளுக்கே தெரிந்துவிடும்.