முப்பதில் ஊர் மாறலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் பட்டறைகளுக்கு ஸ்டாக், பில் பார்க்கும் சாப்ட்வேர் செய்து விற்கிறேன். நான்கு வருடமாகிறது, வருமானம் சுமார்தான். அடுத்த மாதம் எனக்கு முப்பது. நண்பர்கள் பெங்களூருக்குக் கூப்பிடுகிறார்கள். போகட்டுமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: வயதை நினைத்து அவசரப்படாதீர்கள், தம்பி. கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற சாப்ட்வேர் நிறுவனத்தைத் தொடங்கியபோது முப்பதைத் தாண்டியிருந்தார். தொடங்கிய ஊர் சென்னை. 2021-ல் அந்த நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலிருந்து ஜோஹோ நிறுவனம் உலகத்துக்கே சாப்ட்வேர் செய்கிறது.

உங்களிடம் வாங்குகிறவர் எங்கே இருக்கிறார்? கோவையின் கணபதியில், ஆவாரம்பாளையத்தில். லேத் சத்தத்துக்கு நடுவே பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று, வார்ப்புக் கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்க்கிறீர்களே, அதுதான் உங்கள் முதல். பெங்களூரில் முதலீட்டாளர்களும் அனுபவமுள்ள புரோகிராமர்களும் அதிகம், உண்மை. வாடகையும் சம்பளமும் கூடத்தான் அதிகம். முதலீடு தேடுவதென்றால் ரயிலேறிப் போய் வாருங்கள். அதற்காக வீட்டைக் காலி செய்ய வேண்டாம்.

என்னை உறுத்துவது ஊரல்ல, அந்தச் ‘சுமார்’ வருமானம். பட்டறைக்குப் பட்டறை புதிதாக எழுதிக் கொடுக்கிறீர்களா, ஒரே சாப்ட்வேரை எல்லோருக்கும் விற்கிறீர்களா? முதலாவது என்றால் எந்த ஊரிலும் இதே கதிதான். பத்து வாடிக்கையாளர்களிடம் மாதச் சந்தா கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சம்மதித்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.