மல்லிகைத் துண்டுக்கு மேல் எது, கீழ் எது?

மல்லிகையின் விதையை நீங்கள் பார்த்ததுண்டா? உங்களில் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டீர்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்துவிடுகிறோம், அதனால்தான் காய்ப்பதில்லை என்று தோன்றலாம். ஆனால் பறிக்காமல் விட்டுவைத்தாலும், நம் வீடுகளில் வளரும் குண்டுமல்லி காய்த்து விதை தருவது மிக அரிது. அப்படியானால் இத்தனை மல்லிகைச் செடிகளும் எங்கிருந்து வந்தன?

ஒரு செடியின் தண்டிலிருந்து மற்றொரு செடி. அதன் தண்டிலிருந்து இன்னொன்று. இவ்வாறு மனிதரின் கைவழியாகவே மல்லிகை தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இப்படித்தான் பெருகுகிறது. இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் தண்டுத் துண்டுகளிலிருந்து கன்றுகள் வளர்க்கப்பட்டு, மதுரைப் பக்கத்துத் தோட்டங்களுக்குச் செல்கின்றன. துண்டு நடுவார் இல்லாமற் போனால், விதையில்லாத இச்செடியும் இல்லாமற் போய்விடும்.

தண்டில் வேர் முளைப்பது ஏன்?

வழக்கமாக வேர், விதையின் முளைவேரிலிருந்து தோன்றுகிறது. தண்டு, இலை போன்ற பிற உறுப்புகளில் தோன்றும் வேர்களை வேற்றிட வேர்கள் என்கிறோம். தண்டை வெட்டியதும், வெட்டுவாயின் அருகிலுள்ள சில உயிரணுக்கள் மீண்டும் பிரியத் தொடங்குகின்றன. அவையே வேராக உருவெடுக்கின்றன.

இங்கே ஒரு விந்தை உண்டு. ஜெர்மானியத் தாவரவியலார் ஹெர்மன் ஃபோக்டிங், 1878-இல் வெளியிட்ட தம் நூலில் வில்லோ மரத்தின் துண்டுகளைக் கொண்டு செய்த சோதனைகளை விவரித்தார். ஈரக் காற்றுள்ள கலத்தில் துண்டுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டபோதும், மரத்தில் இருந்தபோது எந்த முனை வேர்ப்பக்கம் இருந்ததோ, அந்த முனையிலேயே வேர்கள் மிகுதியாகத் தோன்றின. அதாவது, தன் மேல் எது, கீழ் எது என்பது துண்டுக்குத் தெரிந்திருக்கிறது!

இதற்குக் காரணம் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஃபிரிட்ஸ் வெண்ட் என்பவர், 1926-இல் ஓட்ஸ் நாற்றுகளின் நுனியிலிருந்து இப்பொருளைப் பிரித்துக் காட்டினார். நுனி மொட்டிலும் இளம் இலைகளிலும் உண்டாகும் ஆக்சின், தண்டின் வழியே வேர்ப்பக்கம் நோக்கிச் செல்கிறது. தண்டை வெட்டிவிட்டால் அதற்கு மேலே செல்ல வழியில்லை. கீழ் வெட்டுவாயில் தேங்குகிறது. அதுவே அங்குள்ள உயிரணுக்களை வேர்விடத் தூண்டுகிறது. நாற்றங்கால்களில் பயன்படும் வேரூக்கித் தூள்களிலும் இண்டோல் பியூட்ரிக் அமிலம் போன்ற ஆக்சின் வகைகளே உள்ளன.

துண்டு நடும் முறை

குண்டுமல்லியை நவம்பர் இறுதியில் கவாத்து செய்வது வழக்கம். அப்போது கழிக்கும் கிளைகளே உங்களுக்குப் போதும். பென்சில் பருமனுள்ள, பாதி முற்றிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று நான்கு கணுக்கள் இருக்குமாறு சுமார் 15 செ.மீ. நீளத்துக்கு வெட்டுங்கள். கீழ்முனையை ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராகவும், மேல்முனையைச் சாய்வாகவும் வெட்டினால் பிறகு குழப்பம் வராது.

அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் விடுங்கள். இலை உணவும் ஆக்சினும் தருகிறது. ஆனால் நீரையும் ஆவியாக்குகிறது. வேரில்லாத துண்டால் அந்த இழப்பை ஈடுசெய்ய முடியாது. ஆகவே இலை வேண்டும், ஆனால் அளவோடு வேண்டும்.

மணலும் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில், இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் இருக்குமாறு நடுங்கள். நிழலில் வையுங்கள். மண் ஈரமாக இருக்கட்டும். நீர் தேங்க வேண்டாம்.

பதியம் போடும் முறை

தரையோடு தாழ்ந்த கிளை ஒன்றில், கணுவுக்கு அடியில் சுமார் 2 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்குங்கள். அந்த இடத்தை மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே இருக்க வேண்டும். இலைகளிலிருந்து வரும் உணவும் ஆக்சினும் பட்டையின் வழியே இறங்கி, வளையத்துக்கு மேலே தேங்குகின்றன. உள்ளிருக்கும் கட்டைப் பகுதியை நாம் வெட்டவில்லை. அதன் வழியே தாய்ச்செடி நீர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வேர் வரும்வரை கிளை வாடுவதில்லை. மூன்று நான்கு மாதங்களில், வேர் பிடித்ததைப் பார்த்தபின் தாய்ச்செடியிலிருந்து வெட்டிப் பிரிக்கலாம்.

நீங்களே சோதியுங்கள்

ஒரே செடியிலிருந்து 20 துண்டுகள் எடுங்கள். ஒரு தொட்டியில் பத்தை நேராகவும், மற்றொன்றில் பத்தைத் தலைகீழாகவும் நடுங்கள். மண், நீர், நிழல் மூன்றும் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கட்டும். எட்டு வாரங்களுக்குப் பின் மெல்லத் தோண்டி, வேர்விட்டவற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்று நட்டால் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு துண்டு வேறு எக்காரணத்தாலும் பட்டுப்போகலாம். பத்தில் எத்தனை என்று பார்த்தால்தான் வேறுபாடு உண்மையா என்பது விளங்கும்.

இடையில் தளிர் கண்டதும் வேர் பிடித்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். தண்டில் சேர்ந்துள்ள உணவைக் கொண்டே தளிர் வரக்கூடும்.

தாய்ச்செடியைப் பார்த்து எடுங்கள்

துண்டிலிருந்து வளரும் செடி, தாய்ச்செடியின் அதே மரபுப் பண்புகளைக் கொண்டது. நல்ல மணமுள்ள செடியிலிருந்து அதே மணமுள்ள செடி கிடைக்கும். ஆனால் தாய்ச்செடியில் வைரஸ் நோய் இருந்தால் அதுவும் துண்டோடு வந்துவிடும். எல்லாச் செடிகளும் ஒரே மாதிரியானவை என்பதால், ஒன்றைத் தாக்கும் நோய் மற்றவற்றையும் எளிதில் தாக்கும். எனவே இலைகளில் மஞ்சள் திட்டுகள் உள்ள செடியை விலக்குங்கள்.

சிந்திக்க: பதியத்தில் பட்டையை மட்டும் நீக்காமல் கட்டையையும் சேர்த்து வெட்டிவிட்டால் என்ன நேரும்? வேர்கள் வளையத்துக்கு மேலே வருமா, கீழே வருமா? முதலில் விடையை எழுதிவையுங்கள். பிறகு மண்ணைத் தோண்டிச் சரிபாருங்கள்.