அவசரமும் அவசியமும்

நாளெல்லாம் ஓடியாடி உழைத்தும், செய்ய வேண்டியது எஞ்சி நிற்கிறதே என்று இரவில் வருந்தாத இல்லம் இன்று அரிது. இதற்குக் காரணம் உழைப்பின் குறைவன்று. எதை முதலில் செய்வது என்னும் தெளிவின்மையேயாகும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் தொழிற்சாலையில் கார்கள் உருவாகி வருகின்றன. தகட்டை அழுத்தி உருவமைத்தல், பற்றவைத்துக் கூடாக்குதல், வண்ணம் பூசுதல், அதன்பின் எஞ்சின், இருக்கை முதலியவற்றைப் பொருத்துதல் என்பது கார் உருவாகும் வரிசை. இருக்கையைப் பொருத்துவது எளிது என்று அதனை வண்ணம் பூசுமுன் செய்வாரில்லை. எந்த வேலை முடிவதற்காகப் பிற வேலைகள் காத்திருக்கின்றனவோ, அதுவே முதலில் நிற்கும்.

இல்லத்திலோ நாம் எளியதையும், உரத்து அழைப்பதையுமே முதலில் செய்கிறோம். மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஷிப்டு முடிந்து வரும் தந்தை, 'நாளை பார்ப்போம்' என்கிறார். தொலைபேசி அழைப்புகளும் கடைவீதி வேலைகளும் நாளை விழுங்கிவிடுகின்றன. கடைசி நாளன்று அலைச்சலும் மனக்கசப்புமே மிஞ்சுகின்றன. அவசரம் கூவி அழைக்கும். அவசியம் அமைதியாகக் காத்திருக்கும்.

1918ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெத்லஹேம் எஃகு நிறுவனத் தலைவர் சார்லஸ் சுவாபுக்கு, ஐவி லீ என்பார் ஓர் எளிய முறையைக் கூறியதாகச் சொல்லப்படுவதுண்டு. மறுநாளுக்குரிய 6 வேலைகளை முந்திய இரவே எழுதி, முதன்மை நோக்கி வரிசைப்படுத்துக. முதலாவது முடிந்த பின்னரே இரண்டாவதைத் தொடுக. எஞ்சியதை மறுநாட் பட்டியலிற் சேர்க்க என்பதே அது. பட்டியலைச் சுருக்குவதிலும், எடுத்ததை முடிப்பதிலுமே இதன் பயன் உள்ளது. ஒரு வேலை பல நாள் தொடர்ந்து எஞ்சினால், அதனைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கலாம், வேண்டாததாயின் நீக்கிவிடலாம்.

நமக்கு இது புதிதன்று. தேவபூசை, குரு உபாசனை, சுவாத்தியாயம், சம்யமம், தவம், தானம் என இல்லறத்தார்க்கு நாள்தோறும் விதிக்கப்பட்டவையும் ஆறே. அவற்றை 'ஆவசியகம்' என்றே நம் முன்னோர் வழங்கினர். அவசியம் என்னும் சொல்லும் அதனோடு உறவுடையதே.

இன்றிரவு உறங்குமுன் ஒரு தாளை எடுப்போம். நாளைய வேலைகளுள் எதற்காக மற்றவை காத்திருக்கின்றன என்று வினவி, அதனை முதலில் எழுதுவோம், எழுதியதை முடிப்போமாக.