விடியற்காலைச் சர்க்கரை: ராத்திரிச் சோறு மட்டுமா குற்றவாளி?

"ராத்திரி ரெண்டே ரெண்டு இட்லிதான். காலையில பார்த்தா 180!" கூரம் கிராமத்துக்காரர் ஒருவர் ஆரம்ப சுகாதார நிலைய வரிசையில் இப்படிப் புலம்பினால், பக்கத்தில் நிற்பவர் தீர்ப்பு எழுதிவிடுவார்: "என்னத்தையோ மறைச்சுத் தின்னிருக்கே."

தீர்ப்பு தப்பாக இருக்கலாம். நாம் தூங்கும்போதும் உடம்புக்குச் சர்க்கரை தேவை. அதைத் தருவது கல்லீரல். விடியற்காலை மூன்று மணி தொடங்கி எட்டு மணி வரை கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன் போன்றவை ஏறும். கல்லீரலும் சர்க்கரையைக் கூடுதலாக இறக்கும். நோயில்லாதவருக்கு இன்சுலின் அதைச் சமன்செய்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிக்கு அது போதுவதில்லை. 1981-ல் மருத்துவர்கள் இதற்கு 'விடியல் நிகழ்வு' என்று பெயர் வைத்தார்கள். ஆறு மணிக்கு வீட்டில் பார்த்த அளவும், பஸ் பிடித்து வந்து பத்து மணிக்கு வெறும் வயிற்றோடு பார்த்த அளவும் ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் ராத்திரி பட்டினி கிடந்தால்? கல்லீரல் பட்டினி கிடக்காது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டை விட்டால் நடுராத்திரியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

கேழ்வரகுக் கூழ் எவ்வளவு குடித்தாலும் சர்க்கரை ஏறாது என்பதும் நம் பக்கத்து நம்பிக்கை. கேழ்வரகிலும் மாவுச்சத்து உண்டு, மாவாக அரைத்துக் காய்ச்சினால் சீக்கிரமே செரிக்கும்.

நம்பிக்கைகள் திண்ணையில் மட்டும் பிறப்பதில்லை. ராத்திரி சர்க்கரை தாழ்ந்தால் காலையில் எகிறும் என்று 1938-ல் ஆய்வாளர் மைக்கேல் சொமோஜி சொன்னது பல பத்தாண்டுகள் பாடப்புத்தகத்தில் இருந்தது. ராத்திரி முழுக்க அளக்கும் கருவிகள் வந்தபின் பார்த்தால், இரவில் சர்க்கரை தாழ்ந்தவர்களுக்குப் பெரும்பாலும் காலையிலும் குறைவாகவே இருந்தது.

காலையில் சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் எது என்று அறிய மூன்று எண்கள் போதும்: படுக்கும்போது, ராத்திரி மூன்று மணிக்கு, எழுந்ததும். இரண்டு மூன்று நாள் பார்த்தால் நல்லது. படுக்கும்போதே அதிகமென்றால் விஷயம் ராத்திரி பத்து மணிச் சாப்பாட்டிலோ மருந்திலோ இருக்கும். சீக்கிரம் சாப்பிட்டு, தெருவில் கொஞ்சம் நடந்தாலே பலருக்குக் குறையும். மூன்று மணி வரை சரியாக இருந்து பிறகு ஏறினால் விடியல் நிகழ்வாக இருக்கலாம். ராத்திரி போட்ட இன்சுலின் காலைக்குள் தீர்ந்துபோவதும் உண்டு. மூன்று மணிக்கு 70-க்குக் கீழ் இருந்தால் உடனே சர்க்கரை கரைத்துக் குடித்துவிட்டு, காலையில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுவது அவர் வேலை. கர்ப்பிணிகள் தவிர்த்த பெரியவர்கள் பலருக்கு வெறும் வயிற்று இலக்கு 80 முதல் 130; தளர்ந்த முதியவர்களுக்கு அவ்வளவு கெடுபிடி வேண்டியதில்லை.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருபவரிடம் அந்த மூன்று எண்களை எழுதிய சீட்டைக் காட்டலாம், காலண்டர் தாளின் பின்பக்கமாக இருந்தாலும் சரி.